வாளிக்குள் நாற்பது

உட்காருங்கக்கா, உட்காருங்க. என் மக மடியில இருந்துக்குவா. ஏய் தனு, காலை மடக்கு, அக்கா சேலையில செருப்பு படுது பாரு. பையை எதுக்கு மடியில தூக்கி வச்சுக் கஷ்டப்படுறீங்க? கீழ வைங்க. என் வாளிக்கு முட்டுக் கொடுத்துச் சாய்ச்சு வைங்க, வளைவுல விழாது. முட்டைக்கோஸா அது? நல்ல இறுக்கமா இருக்கே. கீரையும் இருக்கு. அட, ரெண்டு பப்பாளிக் கன்னு! வீட்டுக்குப் பின்னால வைக்கவா? வைங்க, வைங்க. பப்பாளி வீட்டுக்கு நல்லது.

வாளியில ஒண்ணும் இல்லக்கா. ஒரு சாமான். கண்டக்டர் அண்ணனும் ஏறும்போதே கேட்டாரு, "என்னம்மா, மீனா?"ன்னு. "மீன் இல்லண்ணே, ஆபீஸ் வேலை"ன்னு சொன்னேன். உடனே டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டுப் போயிட்டாரு. ஆபீஸ்னு சொன்னா ஒரு மரியாதைதான்.

நீங்க எதுவரைக்கும்? மேலத்தோப்பா? நமக்கு முந்தின ஸ்டாப்பு. நான் இலுப்பையடி. மழை பிடிச்சுட்டதால வண்டி மெதுவாத்தான் போவான், முக்கா மணி நேரம் ஆகும். அதுக்குள்ள உங்க ஊரைக் காட்டுறேன் பாருங்க. டவர் இருக்கு, நல்லவேளை. இது என்ன தெரியுதா? மேப்பு. இந்தச் சிவப்பெல்லாம் எங்க ஊரு. இந்தா, இந்த வெள்ளையா, ஒரு புள்ளிகூட இல்லாம கிடக்கே, இதுதான் மேலத்தோப்பு. பாவம்.

இது நெட்டுல நான் நடத்துற பக்கம்க்கா. நானேதான். சிரிக்காதீங்க.

வெளிநாட்டுலருந்து வந்து நம்ம ஊர்ல பரவுற செடி, பூச்சி, பிராணி எல்லாம் இருக்குல்ல, பார்த்தீனியம், ஆகாயத்தாமரை, ஆப்பிரிக்க நத்தை, இந்த மாதிரி. அதை யாரு எங்க பார்த்தாலும் போன்ல படம் பிடிச்சு இதுல போடணும். போட்ட உடனே அந்த இடத்துல சிவப்புப் புள்ளி விழும். எப்படி ஒழிக்கிறதுன்னு பக்கத்துலயே விளக்கம் இருக்கும். விளக்கமெல்லாம் நான் எழுதினது. இதை ஆரம்பிச்சு வச்ச சார் கொடுத்தது புரியலை, "உயிரியல் கட்டுப்பாட்டு வழிமுறைகள்"னு போட்டிருந்துச்சு. நான் "உப்புத் தண்ணியில போடுங்க"ன்னு மாத்திட்டேன்.

ரெண்டரை வருஷம் முன்னால ஒரு தொண்டு நிறுவனத்துலருந்து ஒரு சாரும் ஒரு மேடமும் வந்து பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாங்க. "யாருக்கு இணையதளம் பற்றித் தெரியும்?"னு மேடம் கேட்டாங்க. நான் அதே பள்ளிக்கூடத்துல பன்னிரண்டாவது வரைக்கும் கம்ப்யூட்டர் குரூப்பு. நாலு கம்ப்யூட்டர், அதுல ஒண்ணு ஓடும், அதுலயும் ஹெட்மாஸ்டர் சம்பளப் பட்டியல் அடிச்சுக்கிட்டு இருப்பாரு. ஆனாலும் கம்ப்யூட்டர் குரூப்பு குரூப்புதானே? கையைத் தூக்கிட்டேன். தனு அப்போ வயித்துல எட்டு மாசம். தூக்கின கையை இறக்கலை.

முதல் சண்டையே பேர் வைக்கிறதுல வந்துச்சு. சார், "வந்தேறி உயிரினங்கள்"னு எழுதிக் கொண்டாந்தாரு. எங்க ஊர்ல கீழத்தெருக்காரங்க அம்பது வருஷத்துக்கு முன்னால வந்து குடியேறினவங்க. "யாரைச் சொல்லுதிய?"ன்னு எழுந்துட்டாங்க. அப்புறம் ஒரு வழியா "வேண்டாத விருந்தாளி"ன்னு வச்சோம். அன்னைக்கு வீட்டுக்குப் போனா எங்க அத்தை, என் மாமியாரு, அடுப்படியில நின்னு அழுறாங்க. "எந்தம்பி வருஷத்துக்கு ரெண்டு மட்டம் வாரான். அவனைப் போய் நெட்டுல போட்டுட்டியேட்டி!"

நம்ம ஜனங்களுக்குப் புரிய வைக்கிறது இருக்கே! முதல் வாரம் வந்ததெல்லாம் என்ன தெரியுமா? காலை வணக்கம். ரோஜாப்பூ படம் போட்டு நூத்துப் பன்னெண்டு. அப்புறம் பக்கத்து வீட்டு ஆடு. அதுக்குப் பதிலா ஆட்டுக்காரங்க போட்ட பக்கத்து வீட்டு நாய். ஒருத்தர் தன் மருமகன் படத்தையே போட்டு, "பரவும் வேகம்: அதிகம்"னு நிரப்பியிருந்தாரு. எல்லாத்தையும் நான்தான் உட்கார்ந்து நீக்கினேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டே நீக்குவேன்.

பஞ்சாயத்துத் தலைவரு சும்மா இருப்பாரா? நத்தை பக்கத்துல உட்கார்ந்து படம் எடுத்துப் போடணும்னுட்டாரு. வேட்டியை மடிச்சுக் கட்டி வாய்க்கால் கரையில உட்கார்ந்தாரு. எடுத்துப் பார்த்தா அவரு நல்லா விழுந்திருக்காரு, நத்தை தலையை உள்ள இழுத்துக்கிச்சு. "ஏம்மா, அதைக் கொஞ்சம் வெளிய பார்க்கச் சொல்லு"ங்கிறாரு. முக்கா மணி நேரம் காத்துக் கிடந்தோம்.

நத்தைதான்க்கா எங்க ஊர்ல பெரிய பிரச்சினை. உள்ளங்கை அளவு இருக்கும். பகலெல்லாம் கல்லுக்கடியில கிடக்கும், மழை பெஞ்சா எல்லாம் வெளிய வந்துரும். பப்பாளி, முட்டைக்கோஸ், கீரை எதையும் விடாது. தின்ன ஒண்ணும் கிடைக்காட்டா சுவத்துல அடிச்ச சுண்ணாம்பையே நக்கித் தின்னுரும். ஒரு தடவைக்கு இருநூறு முட்டை. எப்படி ஊருக்குள்ள வந்துச்சுன்னு கேட்கிறீங்களா? எங்க வீட்டுக்காரரு லோடு ஆட்டோவுல செங்கல் ஏத்திட்டு வந்தப்போ கூடவே வந்துச்சுன்னு ஒருத்தர் பதிவு போட்டிருந்தாரு. அதை நீக்கிட்டேன். ஆதாரம் இல்லாம எதையும் போடக்கூடாது, அது நம்ம விதிமுறை.

தனு, மூடியைத் தட்டாதே. தாளம் போடுற இடமா அது?

புள்ளி விழ விழ ஊர்ல ஒரு வேகம் வந்துருச்சு. சிவப்பா இருக்கிற ஊருக்குத்தான் முதல் கவனிப்புன்னு சார் சொன்னாரு. உடனே வடக்குத் தெருக்காரங்க வந்துட்டாங்க. "எங்க தெருவுல மட்டும் ஏன் புள்ளி கம்மி? எங்ககிட்ட இல்லாத நத்தையா?"ன்னு. ஆறே மாசத்துல வட்டாரத்துலயே நாங்கதான் முதலிடம். ஆரம்பிச்சப்போ நாற்பத்தி மூணு நத்தை. தை மாசம் ஆயிரத்து எழுநூறு. என்ன ஒரு வளர்ச்சி பாருங்க! பிள்ளையார் கோயில் முன்னால பேனர் வச்சோம்.

இப்படி ஜோரா போய்க்கிட்டிருந்த நேரத்துலதான் பேச்சித்தாய் சித்தி வந்து புகுந்தாங்க.

சொந்தச் சித்தி இல்ல, ஊர் முறைக்குச் சித்தி. ஊருக்கு மேக்கே அரை ஏக்கர் தோட்டம், ஒத்தை ஆளு. போன வருஷம் அவங்க பப்பாளிக் கன்னு நூத்தி இருபதையும் நத்தை தின்னு தீர்த்துருச்சு. தண்டைக்கூட விடலை. கஷ்டம்தான், நான் இல்லைன்னு சொல்லலை. நான்தான் போய் அந்த மொட்டைக் குச்சியையெல்லாம் படம் எடுத்து, வேலியோரத்துல புள்ளி வச்சேன். எங்க மேப்புலயே பெரிய புள்ளி அதுதான். இந்தா, இந்தக் குங்குமப் பொட்டு மாதிரி இருக்கே.

அந்தச் சித்தி என்ன செஞ்சாங்க தெரியுமா? சாயங்காலம் ஆனா சாக்கை நனைச்சு, அதுக்கடியில பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் இலையும் பரப்பி வச்சுருவாங்க. விடிஞ்சதும் சாக்கைத் தூக்கினா கூட்டமா ஒட்டிக்கிட்டு இருக்கும். கையில பாலித்தீன் பையைச் சுத்திக்கிட்டு ஒண்ணொண்ணா பொறுக்கி உப்புத் தண்ணித் தொட்டியில போடுவாங்க. அப்புறம் குழி தோண்டி மூடுவாங்க. அவங்க தோட்டத்துல மட்டும்னா பரவாயில்ல. பக்கத்துத் தோட்டம், சாக்கடை ஓரம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால கிடக்கிற கல்லு, வடக்குத் தெரு, கீழத்தெருன்னு ஒன்பது மாசம். ஒரு நாள் விட்டதில்ல. மண்ணைக் கிண்டி முட்டையைக்கூட எடுத்துட்டாங்க.

நான் எத்தனையோ தடவை சொன்னேன். "சித்தி, நல்ல வேலைதான் பார்க்கீங்க. உப்புல போடுறதுக்கு முன்னால என்னை ஒரு சத்தம் கூப்பிடுங்க, ஒரு படம் எடுத்துருவோம்"னு. அதுக்கு அவங்க, "நீ பிள்ளைக்குத் தலை சீவிப் பொட்டு வச்சு வாரதுக்குள்ள அது எங்கயாவது போயி இருநூறு முட்டை போட்டுரும்ட்டி"ன்னுட்டாங்க. கையில பட்டன் போன். அதையும் மாடத்துல வச்சுட்டு வந்துருவாங்க. இந்த மாதிரி ஆளுகளை வச்சுக்கிட்டு எப்படிக்கா ஒரு பக்கத்தை நடத்துறது?

ஆடி மாசத்துலருந்து ஒரு புள்ளி இல்ல. ஆவணி, ஒண்ணுமில்ல. புரட்டாசி முழுக்கக் காத்துக்கிட்டு இருந்தேன். ஐப்பசி மழை பெஞ்சா எப்படியும் வரும்னு ஒரு நம்பிக்கை. மழை பெஞ்ச மறுநாள் விடியக்காலம் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டுத் தெருத்தெருவா போனேன். கல்லுக் கல்லாப் புரட்டினேன். காலி ஓடு ஒண்ணு கிடைச்சுச்சு. அதையே நாலு பக்கமும் திருப்பி வச்சு நாலு படம் போட்டேன். "ஒரே பதிவு மீண்டும் வந்துள்ளது"ன்னு திருப்பி அனுப்பிருச்சு.

பின்னாலயே ஒரு மெயில். இந்தா, படிக்கிறேன் கேளுங்க. "தொண்ணூறு நாட்களாகப் புதிய பதிவு இல்லாத பக்கங்கள் செயல்படாதவை எனக் கருதப்பட்டு நீக்கப்படும்." உடனே சாருக்குப் போன் போட்டேன். "சார், எங்க ஊர்ல நத்தை ஒழிஞ்சு போச்சு சார், அதான் பதிவு வரலை"ன்னேன். "ஒழிஞ்சதுக்கு ஆதாரம் இருக்கா? படம் அனுப்புங்க"ன்னாரு. இல்லாததை எப்படிக்கா படம் எடுக்கிறது? இருந்தாலும் விடலை. பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவரை, ஒரு நத்தைகூட இல்லாம, பளிச்சுன்னு எடுத்துப் போட்டேன். "படத்தில் உயிரினம் தெளிவாகத் தெரியவில்லை. மறுபடி முயற்சிக்கவும்"னு வருது.

பேச்சித்தாய் சித்திகிட்டயும் போய்ச் சொன்னேன், பக்கத்தை எடுக்கப் போறாங்கன்னு. அவங்க களை பிடுங்கிக்கிட்டே, "எடுத்தா எடுக்கட்டும்ட்டி. நத்தை போயிருச்சுல்லா?"ன்னாங்க. எப்படிக்கா அப்படிச் சொல்ல மனசு வருது? ஒரு பொம்பளை ரெண்டரை வருஷம் வளர்த்த பக்கம்!

நீங்க இதைப் பாருங்க. கீழ வரைக்கும் தள்ளுங்க. கடைசி வரி. "பக்கப் பொறுப்பாளர்: செ. நாச்சியார், இலுப்பையடி." அதுதான் நான்.

கல்யாணமாகி அஞ்சு வருஷம் ஆச்சு. ஊர்ல நான் கடைசி வீட்டு மருமக. கடையில குமரேசன் சம்சாரம். இவ பிறந்த பிறகு தனு அம்மா. ஆஸ்பத்திரிச் சீட்டுலகூட முதல் எழுத்தைத் தப்பா போட்டுருவாங்க. பள்ளிக்கூடத்துல வருகைப் பதிவேடு வாசிக்கும்போது "நாச்சியார்"னு கூப்பிட்டதுக்கு அப்புறம் அந்தப் பேரை முழுசா பார்த்தது இதுலதான். டவுன்ல கொண்டு போய்க் கலர்ல பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, காலண்டருக்குப் பக்கத்துல மாட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வந்து கிட்டக்க நின்னு படிச்சாங்க. படிச்சுட்டு, "இதுல குமரேசன் பேரு எங்கட்டி?"ன்னாங்க.

அதை எடுத்துருவாங்களாம். ஒரு நத்தை இல்லைங்கிறதுக்காக.

அதுக்கு மேல ஒரு தலைவலி கேளுங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்குத் தொண்டு நிறுவனத்துலருந்து நாலு பேரு வண்டியில வர்றாங்க. முன்மாதிரிப் பக்கம் எதுன்னு தேர்ந்தெடுக்கிறாங்களாம். நாங்க பழைய கணக்குப்படி முதலிடம்தானே, அதனால எங்க ஊருக்கு முதல்ல வர்றாங்க. பாதிப்பு, பதிவு, அகற்றல், மூணையும் நேர்ல பார்க்கணுமாம். பாதிப்பு இருந்தாத்தானே பதிவு? பதிவு இருந்தாத்தானே அகற்றல்? அந்தச் சித்தி பாட்டுக்குக் கடைசியில செய்ய வேண்டியதை முதல்ல செஞ்சு முடிச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க.

அதான் நேத்து எங்க அம்மா ஊருக்குப் போனேன்.

ஆமாக்கா. கண்டுபிடிச்சுட்டீங்களே! வாளிதான். நாற்பது.

ஐயய்யோ, காலைத் தூக்க வேண்டாம், நல்லா வைங்க, ஒண்ணும் செய்யாது. பெயிண்டு வாளி, கெட்டி மூடி. மூச்சு விடுறதுக்குக் கம்பியைக் காய்ச்சி ஆறு ஓட்டை போட்டிருக்கேன், அவ்வளவுதான். எங்க அம்மா ஊர்ல வாய்க்கால் கரை முழுக்க அதுதான். "நாற்பது போதுமா? நானூறு கொண்டு போ ஏட்டி, புண்ணியமா போகும்"னு எங்க மைனி ஒரே வற்புறுத்தல். ஓட்டுல கோடு நல்லா தெரியுறதா, படத்துல விழுறதா பார்த்து நான்தான் பொறுக்கினேன். இவ எண்ணினா. நாற்பது வரைக்கும் சரியா எண்ணிட்டா, ரெண்டரை வயசுல! இருபத்தி ஏழை மட்டும் விட்டுட்டா.

வெறுங்கையால தொடக்கூடாது தெரியும்ல? உள்ள ஒரு புழு இருக்கும், மூளைக்குப் போயிரும். அதையும் எழுதியிருக்கேன், மூணாவது பத்தி. அதுக்கு அடுத்த பத்தியில பெரிய எழுத்துல போட்டிருக்கேன் பாருங்க, "ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எக்காரணம் கொண்டும் எடுத்துச் செல்லாதீர்கள்." அது தெரியாம எடுத்துட்டுப் போறவங்களுக்குக்கா. நான் தெரிஞ்சுதானே எடுத்துட்டுப் போறேன்.

எங்க விடப்போறேன்னா கேட்கிறீங்க? அதை யோசிக்காம இருப்பேனா? பேச்சித்தாய் சித்தி வேலியோரத்துலதான். வேற இடத்துல விட்டா மேப்பு ஒத்துவராது, புள்ளி அங்கதானே இருக்கு. இந்த வருஷம் மறுபடியும் இருநூறு கன்னு வச்சிருக்காங்க, முழங்கால் உயரம், பார்க்கவே குளுகுளுன்னு இருக்கு. படத்துக்குப் பின்னணி அருமையா அமையும். வர்றவங்க பார்க்கட்டும். சித்திக்குப் புதுக் கையுறை வாங்கியிருக்கேன். அதை மாட்டி, அவங்களையே முன்னால நிறுத்தி, ஒண்ணொண்ணா எடுக்கச் சொல்லி வீடியோ எடுப்பேன். பொன்னாடை தலைவரு போத்துவாரு. ஒன்பது மாசம் யாருக்கும் தெரியாம உழைச்சவங்களுக்கு இந்த அளவுக்காவது செய்யணும்ல? முன்கூட்டியே சொல்லலை. சொன்னா அவங்க உப்பைத் தூக்கிக்கிட்டு வந்துருவாங்க.

ஒண்ணும் ஆகாதுக்கா. நாற்பது விடுறோம், நாற்பதையும் எண்ணி எடுத்துருவோம். முட்டையா? ஒரு ராத்திரியில என்ன பெரிசா போட்டுரப் போகுது? அப்படியே போட்டாலும், நம்ம பக்கம்தான் இருக்கே. பதிவு வரும், விளக்கம் இருக்கு, ஊர் திரண்டு வரும். பக்கமே இல்லாமப் போயிட்டா அப்புறம் நத்தை வந்தா ஜனங்க எங்க போவாங்க, சொல்லுங்க? நான் எனக்காகச் செய்யலை.

அட, அதுக்குள்ள ஆலமரத்து வளைவு வந்துட்டே. அடுத்து உங்க ஸ்டாப்பு. மழைக் காத்துக்கு இவ தூங்கிட்டா பாருங்க. கையில என்ன இது... முறுக்கு. வாளிக்கு ஊட்டிக்கிட்டு இருந்திருக்கா. நத்தைக்குப் பசிக்குமாம், வீட்டுலயே சொன்னா. இரக்க குணம், அப்படியே என்னை மாதிரி.

கண்டக்டரண்ணே, மேலத்தோப்பு ஆளிறக்கம்! பார்த்து இறங்குங்கக்கா, படி வழுக்கும். இந்தாங்க பை. கீரை நல்லா ஈரமா இருக்கு, வாடவே இல்லை. கன்னு பத்திரம். சரிக்கா, போயிட்டு வாங்க. பேசிக்கிட்டு வந்ததுல நேரம் போனதே தெரியலை.

எந்திரிடி தனு, நம்ம ஸ்டாப்பு வரப்போகுது. வாளியைத் தூக்குவோம்... என்ன இது, இவ்வளவு லேசா இருக்கு? மூடி ஏன் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு... ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்து... பதினாறு... அங்க ஓட்டுல ஒட்டியிருக்கிறது ஒண்ணு... இருபத்தி மூணு. ஏட்டி தனு, மூடியைத் திறந்தியா? எப்போ? சீட்டுக்கடியில இல்ல. முன் சீட்டுலயும் இல்ல. அங்க என் வாளிக்கு முட்டுக் கொடுத்து என்ன இருந்துச்சு?

கண்டக்டரண்ணே, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், விசில் கொடுத்துராதீங்க!

அக்கா! முட்டைக்கோஸ் அக்கா! இங்க, ஜன்னல் பக்கம்! பையைத் திறக்காதீங்க. இல்லல்ல, திறங்க, ஆனா கையை விட்டுராதீங்க. உதறிராதீங்கக்கா! முதல்ல போனை எடுங்க. படம் எடுங்க. பப்பாளிக் கன்னையும் சேர்த்து எடுங்க, ஊர்ப் பேர்ப் பலகை பின்னால தெரியுற மாதிரி நில்லுங்க. பதினேழு இருக்கும், எண்ணிக்கோங்க. உங்க ஊர்ல இதுவரைக்கும் ஒரு புள்ளிகூட இல்லக்கா, நீங்கதான் முதல் ஆளு! உங்க பேர்லயே பக்கம் திறந்துருவேன்!

ஐயோ, இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு வந்து கேட்கவே இல்லையே! உங்க பேரு என்னக்கா? சத்தமாச் சொல்லுங்க, வண்டி எடுத்துட்டான். முழுப் பேரையும் சொல்லுங்க. இன்னார் சம்சாரம், இன்னார் அம்மான்னெல்லாம் நம்ம பக்கத்துல போட மாட்டோம்!